ரயிலும் படகும் பேருந்துமாக: ஸ்காண்டிநேவியாவில் இருவர் தாமாகவே பயணம் செய்ய

டென்மார்க், சுவீடன், நோர்வே ஆகிய மூன்று நாடுகளையும் வாடகைக் காரோ சுற்றுலா நிறுவனத்தின் துணையோ இல்லாமல், ரயில், பேருந்து, படகு ஆகியவற்றை மட்டுமே நம்பிச் சுற்றி வருவது கணவன் மனைவி இருவருக்கு நன்றாகவே கைகூடும். பெருநகரங்களுக்குள் வண்டிகள் சில நிமிடங்களுக்கு ஒன்று வருவதால் அங்கே திட்டமே தேவையில்லை. ஆனால் நகரங்களை விட்டு மலைக்கும் ஃபியோர்டுக்கும் (மலைகளுக்கிடையே நீளமாக உட்புகும் கடல்) வடக்கிற்கும் போகத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது மாலையில்தான் வரும், சில இடங்களில் மறுநாள்தான் வரும். ஆகவே திட்டத்தை முதல் நாளிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போவதைவிட, நாளுக்கு ஒன்றோ இரண்டோ முறை மட்டும் ஓடுகிற இணைப்புகளை முதலில் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, மற்ற நாட்களை அவற்றைச் சுற்றி அமைப்பதே சரியான முறை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த முறையையே பின்பற்றுகிறது.

வழியும் காலமும்

இரண்டு முதல் மூன்று வாரங்கள் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி இது: கோப்பன்ஹேகனில் இறங்கி, ஊரேசுன் பாலத்தின் வழியாக மால்மோவைத் தொட்டு, அங்கிருந்து ரயிலில் ஸ்டாக்ஹோம், பிறகு ஓஸ்லோ, ஓஸ்லோவிலிருந்து மலையைக் கடந்து பெர்கன். கோப்பன்ஹேகனிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ 5 மணி நேரமும், ஸ்டாக்ஹோமிலிருந்து ஓஸ்லோவுக்கு ஐந்து முதல் ஆறு மணி நேரமும், ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ஆறரை முதல் ஏழு மணி நேரமும் ஆகும். விமானச் சீட்டு வாங்கும்போது ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பும்படி வாங்கினால், வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு முழு நாள் மிச்சமாகும். இறங்கிய ஊருக்கே திரும்பியாக வேண்டும் என்றால், ஓஸ்லோவிலிருந்து பிற்பகலில் கிளம்பி மறுநாள் காலை கோப்பன்ஹேகன் சேரும் இரவுக் கப்பல் இருக்கிறது. அதில் பயணமும் ஓர் இரவுத் தங்கலும் சேர்ந்தே முடிந்துவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன் தொடக்கமும் ஆகஸ்ட் பின்பாதியும் நல்லவை. ஜூலையில் ஃபியோர்டுப் பகுதிகளில் கூட்டம் மிகுதி. சுவீடனில் ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை, மிட்சம்மர் எனும் நடுக்கோடை விழாவுக்கு முந்தைய நாள். அன்றும் மறுநாளும் கடைகள் பல மூடியிருக்கும், வண்டிகளும் குறைவாகவே ஓடும். நீண்ட பயணம் எதையும் அந்த இரு நாட்களில் வைக்காதீர்கள். மே 17 நோர்வேயின் தேசிய நாள். அன்று ஓஸ்லோவில் இருப்பது ஒரு பேறுதான் என்றாலும், ஊரை விட்டுக் கிளம்புவதற்கு ஏற்ற நாள் அதுவல்ல.

விசாவும் பணம் செலுத்தும் வரிசையும்

இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டில் செல்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் பகுதிக்குள்தான் இருக்கிறது என்பதால் மூன்று நாடுகளுக்கும் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கோடைக்காலப் பயணத்துக்குக் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்வால்பார்ட் தீவுகள் நோர்வேக்கு உரியவை என்றாலும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளவை. அங்கே போய்த் திரும்ப எண்ணுபவர்கள் பலமுறை நுழையும் விசாவைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விசா விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டத்தைக் காட்ட வேண்டும். மலிவான ரயில் சீட்டுகளோ பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காதவை. எனவே முதலில், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய தங்குமிடங்களை மட்டும் பதிவு செய்து அவற்றைக் கொண்டு விண்ணப்பியுங்கள். விசா கையில் வந்த அன்றே உட்கார்ந்து நீண்ட தூர ரயில் சீட்டுகளை வாங்குங்கள். விற்பனை பொதுவாக மூன்று மாதங்களுக்கு முன் திறக்கிறது. விமானச் சீட்டைப் போலவே நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். சுவீடனில் எஸ்ஜே ரயில் நிறுவனத்தின் தளத்திலும், நோர்வேயில் எல்லா நிறுவனங்களின் ரயில், பேருந்து, படகு நேரங்களையும் ஒரே இடத்தில் காட்டும் என்டூர் செயலியிலும் தேடலாம். ஊருக்குள் ஓடும் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் இப்படி முன்கூட்டி எதையும் வாங்க வேண்டாம், அங்கே போய் வாங்கினாலும் அதே விலைதான்.

பல நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டாகச் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வாழ்பவர்களுக்கு இன்டர்ரெயில். தேதிகளை முன்பே உறுதி செய்துவிட்ட இருவருக்கு, தனித்தனிச் சீட்டுகளை முன்பதிவு செய்வதே பெரும்பாலும் மலிவு என்பது என் கருத்து. பாஸ் இருந்தாலும் சுவீடனின் விரைவு ரயிலுக்கும் இரவு ரயிலுக்கும் இருக்கை முன்பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். நோர்வேயின் ஃபிளோம் மலை ரயிலில் பாஸுக்குத் தள்ளுபடி மட்டுமே உண்டு. நினைத்த நாளில் நினைத்த ஊருக்குப் போக விரும்புபவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

அட்டையும் கைப்பேசியும்

மூன்று நாடுகளுக்கும் மூன்று வெவ்வேறு குரோனர் நாணயங்கள். அவற்றை மாற்றிக்கொண்டு போக வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. சுவீடனில் நகரப் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை, பொதுக் கழிப்பறைக்கும் ரயில் நிலையப் பெட்டகத்துக்கும்கூட அட்டைதான். ஸ்விஷ், விப்ஸ், மொபைல்பே என்று கடைகளில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கான பணம் செலுத்தும் செயலிகள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே வருகிறது; வங்கிச் செயலியில் அதையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் கிளம்பும் முன்பே திறந்துவிட வேண்டும். மற்றது, செயலியில் சீட்டு வாங்கும்போது ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கே வரும். வெளிநாட்டு இ-சிம் போட்டுக்கொண்டு இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால், நடைமேடையில் நின்றுகொண்டு சீட்டு வாங்க முடியாமல் தவிக்க நேரிடும். குறுஞ்செய்தி மட்டுமாவது வரும்படி ரோமிங்கை வைத்திருங்கள்.

இருவராகப் போவதால் அட்டையும் இரண்டாக இருக்கட்டும். ஸ்டாக்ஹோமின் நகரப் போக்குவரத்து நிறுவனமான எஸ்எல்லின் மெட்ரோவில் வங்கி அட்டையை வாயிற்கதவில் தட்டியே உள்ளே போகலாம். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு முறை தட்டி இருவரையும் உள்ளே விட முடியாது. நீண்ட தூரச் சீட்டுகளை இருவர் கைப்பேசியிலும் சேமித்து வையுங்கள். மலைப் பகுதியில் ஒருவர் கைப்பேசி மின்னூட்டம் தீர்ந்து அணைந்துபோனால், மற்றவர் கையில் சீட்டு இருந்தால்தான் பரிசோதகருக்குக் காட்ட முடியும்.

நகரங்களுக்குள்

கோப்பன்ஹேகனில் விமான நிலையத்திலிருந்தே ஓட்டுநர் இல்லாத மெட்ரோ இரவு பகலாக ஓடுகிறது. முதல் பெட்டியின் முன்னிருக்கை காலியாக இருந்தால் விடாதீர்கள், சுரங்கத்தை முழுவதும் பார்த்துக்கொண்டே போகலாம். ஒன்று முதல் நான்கு வரையான கட்டண மண்டலங்களுக்குச் சிட்டி பாஸ் ஸ்மால் என்ற சீட்டு இருக்கிறது. 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரம் வரை வாங்கலாம், விமான நிலையமும் அதற்குள் அடங்கும். அதே சீட்டில் துறைமுகத்தில் ஓடும் மஞ்சள் படகுப் பேருந்திலும் ஏறலாம். சுற்றுலாப் படகுக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் முன் ஒருமுறை அதில் போய்ப் பாருங்கள். நகரின் கடல்முகத்தை அதிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

கோப்பன்ஹேகனிலிருந்து மால்மோவுக்கு ரயிலில் 40 நிமிடத்துக்குள் போய்விடலாம். 2000-ஆம் ஆண்டில் திறந்த இந்தக் கடல்வழி ஒரு பகுதி சுரங்கமாகவும் ஒரு பகுதி பாலமாகவும் அமைந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் செயற்கைத் தீவு ஒன்று இருக்கிறது. சுவீடன் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை நடக்கலாம் என்பதால் அதைப் பெரிய பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.

ஸ்டாக்ஹோமில் ஒரு சீட்டு 75 நிமிடங்கள் செல்லும். அதற்குள் மெட்ரோ, பேருந்து, டிராம், யூர்கார்டன் தீவுக்கான படகு என எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961-ல் மீட்கப்பட்ட வாசா கப்பலின் அருங்காட்சியகம் அந்தத் தீவில்தான் இருக்கிறது. மெட்ரோ நிலையங்களின் ஓவியங்களைப் பார்க்க ஒரு மாலையை ஒதுக்கலாம். டி-சென்ட்ராலென், குங்ஸ்டிரெட்கோர்டன், சோல்னா சென்ட்ரும் ஆகிய மூன்றையும் ஒரே சீட்டில் முடித்துவிடலாம். ஆர்லாண்டா விமான நிலையத்துக்கு விரைவு ரயில் 20 நிமிடத்துக்குள் போய்விடும், ஆனால் விலை அதிகம். நேரம் இருப்பவர்கள் புறநகர் ரயிலில் மேர்ஸ்டா வரை போய் அங்கிருந்து 583 எண் பேருந்தில் ஏறினால் சாதாரண நகரச் சீட்டே போதும்.

ஓஸ்லோவிலும் இதே கதைதான். கார்டெர்மூன் விமான நிலையத்துக்கு ஓடும் ஃபிளைடோகெட் ரயிலைவிட, வீ நிறுவனத்தின் சாதாரண ரயில் ஒரு சில நிமிடங்களே கூடுதலாக எடுத்துக்கொள்ளும், விலையோ ஏறத்தாழப் பாதிதான். நகருக்குள் ரூட்டர் என்ற நகரப் போக்குவரத்துச் செயலியில் முதல் மண்டலச் சீட்டு போதும்; நகர மண்டபத்தின் எதிரேயுள்ள துறையிலிருந்து ஹூவெடோயா முதலான தீவுகளுக்குப் போகும் படகும் அதில் அடங்கும்.

ஓஸ்லோவிலிருந்து பெர்கன்: மலையும் ஃபியோர்டும்

1909-ல் திறந்த பெர்கன் ரயில்பாதை ஹர்டாங்கர்விட்டா பீடபூமியில் 1,237 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. ஃபின்ஸே நிலையம் 1,222 மீட்டரில், பொதுச் சாலை எதுவும் எட்டாத இடத்தில் இருக்கிறது. ஜூனில்கூட அங்கே நடைமேடைக்கு அருகில் பனி கிடப்பதைப் பார்க்கலாம். நேரே பெர்கன் வரை போவது அழகுதான், ஆனால் வழியிலுள்ள மிர்டால் நிலையத்தில் இறங்கி ஃபியோர்டு வழியாகச் சுற்றிப் போவது இந்தப் பயணத்தின் உச்சம். இதை ‘நார்வே இன் எ நட்ஷெல்’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். அதன் உறுப்புகள் எல்லாமே பொதுவாக விற்கப்படும் சாதாரணச் சீட்டுகள்தான். அவற்றைத் தனித்தனியே வாங்கினால் நேரத்தை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், ஓர் இரவு தங்கியும் போகலாம்.

வாங்கும் வரிசை முக்கியம். ஃபிளோமிலிருந்து குட்வாங்கனுக்குப் போகும் படகின் நேரத்தை முதலில் பாருங்கள், மற்றவை எல்லாம் அதற்குப் பணிந்தே அமையும். படகுக்குப் பின்னோக்கி ஃபிளோம் மலை ரயிலையும், அதற்கும் பின்னோக்கி ஓஸ்லோவிலிருந்து வரும் காலை ரயிலையும் தேர்ந்தெடுங்கள். குட்வாங்கனில் படகு வந்ததும் கிளம்பும் பேருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வொஸ் நகரில் விடும், அங்கிருந்து பெர்கனுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்.

மிர்டால் என்பது ஊரல்ல. மலையிடுக்கில் ஒரு நிலையம், ஒரு சிற்றுண்டிக் கடை, அவ்வளவுதான். ஓஸ்லோ ரயிலிலிருந்து இறங்கினால் அருகிலேயே கரும்பச்சை நிறத்தில் ஃபிளோம் ரயில் நிற்கும். இருவரில் ஒருவர் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர் முதலில் ஏறி ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும் இந்தப் பாதையில் 20 சுரங்கங்கள் இருக்கின்றன. ஒரு மணி நேரப் பயணத்தின் நடுவே ஷோஸ்ஃபோஸன் அருவிக்கு எதிரில் வண்டி சில நிமிடங்கள் நிற்கும், எல்லாரும் இறங்குவார்கள். கோடையில் அருவியருகே பாறைமேல் ஒரு பெண் நாட்டார் கதையின் வன தேவதையாக ஆடும் நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். சற்று நாடகத்தனம்தான், அருவி தரும் சாரலுக்கு மழைச்சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் கேமரா பிழைக்கும்.

பிற்பகலில் ஃபிளோமில் பெரும் சொகுசுக் கப்பல்கள் நின்றால் அந்தச் சிறிய கிராமம் திணறிவிடும். மாலையில் அவை போனபின் இடம் வேறாகிவிடும் என்பதால், பணம் இடம் கொடுத்தால் அங்கேயே ஓர் இரவு தங்கி மறுநாள் காலைப் படகில் போங்கள். இல்லையேல் வொஸ்ஸில் தங்குங்கள், விலை குறைவு. படகு போகும் நேரொய்ஃபியோர்டு 2005-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏறத்தாழ 250 மீட்டர்தான். மின்கலத்தில் ஓடும் படகு ஓசையில்லாமல் போவதால், இருபுறமும் செங்குத்தாக எழும் பாறைகளிலிருந்து நீர் வழியும் ஒலியைத் தெளிவாகக் கேட்கலாம். இரண்டு மணி நேரமும் மேல்தளத்தில் நிற்க வேண்டும் என்றால் ஜூலையிலும் கம்பளிச் சட்டை வேண்டும்.

வடக்கிற்குப் போக விரும்புபவர்களுக்கு

நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஸ்டாக்ஹோமில் மாலை ஏறும் இரவு ரயில் மறுநாள் பிற்பகல் வாக்கில் நோர்வேயின் நார்விக் துறைமுகத்தைச் சேர்கிறது. ஆறு பேர் படுக்கும் பெட்டியும் உண்டு, இருவர் மட்டும் தங்கும் தனியறையும் உண்டு. தம்பதியர் தனியறையையே எடுங்கள், ஒரு விடுதி இரவின் செலவு மிச்சமாவதை எண்ணினால் விலை உறுத்தாது. கிருனாவில் இரும்புச் சுரங்கம் நிலத்தை உள்வாங்குவதால் நகரத்தையே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அங்குள்ள மரத் தேவாலயத்தை முழுதாகத் தூக்கி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். கிருனாவுக்கு அப்பால் டோர்னெட்ரெஸ்க் ஏரியை ஒட்டி அபிஸ்கோ வரையிலும், எல்லையைத் தாண்டி ஃபியோர்டின் மேலாக நார்விக் வரையிலும் தூங்கவே கூடாது.

நார்விக்குக்கு மற்ற நோர்வே நகரங்களோடு ரயில் தொடர்பு கிடையாது. தெற்கே பூடோவுக்கும் ஃபவுஸ்கேவுக்கும் பேருந்துதான். வழியில் பேருந்தே படகில் ஏறி ஃபியோர்டைக் கடக்கும். நாளுக்கு ஓரிரு முறையே ஓடும் இந்தப் பேருந்துதான் இந்த வழியில் அசைக்க முடியாத கண்ணி. இரவு ரயில் தாமதமாக வந்தால் இது போய்விடும். ஆகவே ரயிலில் வந்த அன்றே பேருந்தைப் பிடிக்கத் திட்டமிடாமல் நார்விக்கில் ஓர் இரவு தங்குங்கள். பூடோவிலிருந்து ட்ரொன்ஹெய்முக்கு 729 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்லாண்ட் ரயில்பாதை, ஏறத்தாழ 10 மணி நேரப் பயணம்; முழுத் தூரமும் போக நாளுக்குப் பகல் ரயில் ஒன்று, இரவு ரயில் ஒன்று. பகல் ரயிலையே எடுங்கள். சால்ட்ஃபியெல் மலைமேட்டில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் இடத்தில் தண்டவாளத்தின் ஓரத்தில் கற்கூம்புகள் தெரியும்.

பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களில் நிற்கும் கடலோரக் கப்பல் 1893-லிருந்து ஓடுகிறது. முழுப் பயணமும் செல்வந்தர்களுக்கானது. ஆனால் ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்ததற்குச் சீட்டு வாங்கிப் பகல் நேரத்தில் அறை எடுக்காமல் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தங்குதலும் சாப்பாடும்

விடுதிகளில் இருவர் படுக்கைக்கும் தனித்தனிப் போர்வைதான் வைப்பார்கள். கேட்டு வாங்க வேண்டியதில்லை, அது அங்குள்ள வழக்கம். மலிவு விடுதிகளில் படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், சொந்த விரிப்பைக் கொண்டுபோனால் அது மிச்சம். கோடையில் இரவிலும் வெளிச்சம் குறையாத ஊர்களில் திரைச்சீலையை மட்டும் நம்ப முடியாது. கண்ணை மறைக்கும் துணிப்பட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

உணவகத்தில் இருவர் ஒரு வேளை சாப்பிடும் பணத்தில் பல்பொருள் அங்காடியில் இரண்டு நாட்களுக்குச் சமைக்கலாம் என்பதால், சமையலறை உள்ள விடுதியைத் தேர்ந்தெடுப்பது செலவைப் பெரிதும் குறைக்கும். சுவீடனில் ஃபில்மியோல்க் என்ற புளித்த பால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். உப்புப் போட்டுச் சோற்றில் பிசைந்தால் தயிர்சாதம் மாதிரியே இருக்கும். நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரை மூன்று நாடுகளிலும் தயங்காமல் குடிக்கலாம்.

வண்டி வராதபோது

கோடையில்தான் தண்டவாளப் பராமரிப்பு நடக்கிறது. நோர்வேயில் ‘புஸ் ஃபோர் தோக்’ என்று அறிவிப்புப் பலகையில் கண்டால், அந்தப் பகுதியில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து ஓடுகிறது என்று பொருள். அது நடைமேடையிலிருந்து அல்லாமல் நிலையத்துக்கு வெளியே இருந்து கிளம்பும், நேரமும் கூடுதலாக எடுக்கும். ரயில் ரத்தானால் நோர்வேயில் ‘இன்ஸ்டில்ட்’, சுவீடனில் ‘இன்ஸ்டெல்ட்’, டென்மார்க்கில் ‘அவ்லிஸ்ட்’ என்று எழுதியிருக்கும். பயணத்துக்கு முந்தைய மாலை ஒருமுறையும் அன்று காலை ஒருமுறையும் செயலியைப் பார்ப்பதை இருவரில் ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர் பயணம் முழுவதையும் ஒரே சீட்டாக வாங்கியிருந்தால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களை அனுப்பிவைக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்த உரிமை பொதுவாகக் கிடையாது. எனவே தனிச்சீட்டுகளுக்கு இடையில் நகரங்களில் ஒரு மணி நேரமும், சுவீடனைக் கடந்து வரும் நீண்ட ரயிலுக்குப் பின் இரண்டு மணி நேரமும், ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் ஓர் இரவும் இடைவெளி விடுங்கள்.